எண்ணிக்கை சரி, பெயரைப் பார்த்தீர்களா?

பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதற்கு மாறும்படி உத்தரவு போடும் அலுவலகத் தலைவர்களுக்கு,

வணக்கம். டேட்டா மைக்ரேஷன் முடிந்ததும் உங்கள் மேசைக்கு ஒரு தாள் வரும். பழைய டேபிளில் இத்தனை வரிசை, புதிய டேபிளில் இத்தனை வரிசை, இரண்டும் சமம் என்று அதில் இருக்கும். நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். அந்தத் தாளை நானும் பலமுறை தயாரித்திருக்கிறேன். அதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நாங்கள் பெரும்பாலும் அப்பாச்சி நைஃபையில் வேலை செய்கிறோம். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையில் உருவாகி, 2014-ல் திறந்த மூல மென்பொருளாக வெளிவந்த கருவி அது. திரையில் பெட்டிகளை வைத்து அம்புக்குறியால் இணைத்தால் போதும், ஒரு பெட்டி மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் இருந்து படிக்கும், இன்னொன்று ஆரக்கிள் என்ற டேட்டாபேஸில் எழுதும். நல்ல கருவி, அதன்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் எழுதும் பெட்டியிலிருந்து மூன்று வழிகள் பிரியும். ஒன்று சக்சஸ், இன்னொன்று மறுபடி முயல்வதற்கான ரீட்ரை, மற்றொன்று ஃபெயிலியர். ஃபெயிலியர் வழியை எங்கும் இணைக்காமல், அங்கேயே முடித்துவிடும்படி ஒரு டிக் போட்டுவிடலாம். அப்படிப் போட்டால், எழுத முடியாத தரவு அதோடு இந்தப் பெட்டித் தொடரிலிருந்து போய்விடும். திரையில் ஒரு சிவப்புச் சதுரம் கொஞ்ச நேரம் தெரியும், அப்புறம் அதுவும் மறைந்துவிடும்.

நான் வேலை செய்த ஓர் இடத்தில் உறுப்பினர் பட்டியலை மாற்றினோம். பெயர்கள் எல்லாம் தமிழில். மைஎஸ்கியூஎல்லில் 50 என்று நீளம் கொடுத்தால் 50 எழுத்துக்குறிகள். ஆரக்கிளில் வேறு எதுவும் சொல்லாமல் 50 என்று கொடுத்தால் 50 பைட், அதாவது கணினி இடத்தை அளக்கும் அலகு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வேண்டும். அதிலும் ‘பி’ என்பது ஒரு குறி கிடையாது, ப ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. ‘கா. பாலசுப்பிரமணியன்’ என்ற பெயரை எண்ணிப் பாருங்கள். புள்ளியும் இடைவெளியும் சேர்த்து 20 குறிகள், 56 பைட். மைஎஸ்கியூஎல்லில் தாராளமாக உட்கார்ந்திருந்த மனிதருக்கு ஆரக்கிளில் இடம் இல்லை. அவர் ஒருவருக்காக, அதே தொகுப்பில் வந்த மற்றவர்களும் சேர்ந்து ஃபெயிலியர் பக்கம் போனார்கள்.

எண்ணிக்கை குறைந்தது. மறுநாள் கோ-லைவ், அதாவது புதிய டேட்டாபேஸ் பயன்பாட்டுக்கு வரும் நாள். டேபிளில் பெயருக்கான கட்டத்தின் நீளத்தைக் கூட்டலாம் என்றால் அதற்கு அனுமதி வாங்க ஒரு வாரம் ஆகும். அதனால் பெயர்களை முதல் 16 குறிகளோடு வெட்டும்படி இடையில் ஒரு பெட்டி சேர்க்கப்பட்டது. எண்ணிக்கை கச்சிதமாகப் பொருந்தியது, கையெழுத்தும் விழுந்தது. புதிய டேபிளில் அந்தப் பெயர் ‘கா. பாலசுப்பிரமண’ என்று ஆனது. அடையாள அட்டையில் ஒரு பெயர், அலுவலகப் பதிவில் ஒரு பெயர் என்று ஆகிவிட்டால், அதைத் திருத்த ஒரு முதியவர் எத்தனை முறை பேருந்து ஏற வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பெட்டியைச் சேர்த்த அணியில் நானும் இருந்தேன். அது இன்றும் உறுத்துகிறது.

பெயர் மட்டும் என்றில்லை. பிறந்த தேதி தெரியாத இடத்தில் பழைய மைஎஸ்கியூஎல் டேபிள்களில் 0000-00-00 என்று இருக்கும். டேட்டாபேஸோடு இணைக்கும் அமைப்பில் ‘ரவுண்ட்’ என்று வைத்துவிட்டால் அது பொது ஆண்டு 1, ஜனவரி 1 என்று படிக்கப்படும். வரிசை எண்ணிக்கையில் குறையே இருக்காது, ஆனால் வயதைக் கணக்கிடும் ஒவ்வொரு திரையும் தப்பாகச் சொல்லும். எழுத்தே இல்லாத வெற்றுச் சரத்தை ஆரக்கிள் ‘நல்’ (null), அதாவது மதிப்பே இல்லை, என்றே எடுத்துக்கொள்ளும் என்பது இன்னொரு சங்கடம்.

‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒகரக் குறியை ஒன்றாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. இரண்டு டேபிள்களைப் பெயரை வைத்துப் பொருத்தினால் ‘கொளஞ்சி’ ‘கொளஞ்சி’யோடு சேராமல் போகலாம். ஏற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது சின்ன வேலைதான், அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

தினமும் புதிய வரிசைகளை மட்டும் எடுக்கும் ஏற்பாட்டையும் கவனியுங்கள். கடைசியாகப் பார்த்த ஐடி எண்ணை நைஃபை நினைவில் வைத்து, அதற்கு மேல் உள்ளதை மட்டும் கேட்கும். சிறிய எண்ணை வாங்கிக்கொண்டு தாமதமாக கமிட் ஆன, அதாவது தாமதமாக உறுதியாகப் பதிவான, வரிசை அதன் கண்ணில் படாது. பழைய இடத்தில் அழித்ததும் புதிய இடத்துக்குத் தெரியாது.

நான் கேட்பது இவ்வளவுதான். ஃபெயிலியர் வழி தனியாக ஒரு டேபிளில் போய் முடியட்டும், அந்த டேபிளைத் தினமும் பார்க்க ஒருவரின் பெயரை எழுதிக் கொடுங்கள். தாளில் வரிசை எண்ணிக்கையோடு, மிக நீளமான நூறு பெயர்களையும் பழையது ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் என அச்சிட்டுக் கேளுங்கள். அதைப் படிக்க, அந்த மக்களைத் தெரிந்த பழைய எழுத்தர் ஒருவரை அரை நாள் எங்களோடு உட்கார வையுங்கள். டேபிள் கட்டத்தின் நீளத்தைக் கூட்ட அனுமதி கேட்டு வருபவருக்கு அன்றே பதில் சொல்லுங்கள். பழைய டேட்டாபேஸைப் படிக்க மட்டும் முடிகிற நிலையில் ஓராண்டாவது வைத்திருங்கள். வெட்டுப்பட்ட பெயரின் மீதி அங்கே மட்டும்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தரவு மாற்றும் பணியில் இருக்கும் ஒருவன்