தராசுக்கு முத்திரை, தெர்மோஸ்டாட்டுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள் சட்டத்தின் கீழ் கடைத் தராசுகளுக்கு ஆண்டுதோறும் முத்திரை குத்துகிறார்கள். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் நெல் காயவைக்கும் இயந்திரங்களில், குறித்த சூடு வந்ததும் சூடாக்குவதை நிறுத்தும் சுவிட்சான தெர்மோஸ்டாட்டை மட்டும் வாங்கிய நாளுக்குப் பிறகு யாரும் திறந்து பார்ப்பதில்லை. விதைநெல்லுக்கு விடும் காற்று 43 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடாது. டயல் 43 காட்ட, உள்ளே 49 ஓடினால் நெல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், வயலில்தான் முளைக்காது. பழி விதை விற்றவர் தலையில்.

சரிபார்க்கப் பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். முதலில் நம்பக்கூடிய வெப்பமானி ஒன்று. நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழ்பதமாக்கி அதில் வைத்தால் 0 காட்டவேண்டும். ஐஸ் ஆலைக் கட்டியை இதற்கு எடுக்காதீர்கள். உப்புத்தண்ணீர்த் தொட்டியில் உறைந்த கட்டியில் உப்புக் கசிந்திருந்தால் அளவு 0க்குக் கீழே போய்விடும். கொதிநீரில் நமது கரையோரத்தில் 100ஐ ஒட்டி நிற்கவேண்டும் (நுவரெலியாவில் 94 அளவில்தான் கொதிக்கும்).

பிறகு கரண்டை நிறுத்தி, தெர்மோஸ்டாட்டின் வயர்களைக் கழற்றி, மல்டிமீற்றரை, தொடர்பு இருந்தால் சத்தம் எழுப்பும் நிலையில் முனைகளில் பொருத்துங்கள். தெர்மோஸ்டாட்டின் சூட்டை உணரும் குமிழையும் வெப்பமானியையும் சேர்த்துக் கட்டி, பாத்திரத்தின் அடியில் முட்டாமல் முழுதாகத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். டயலை 43இல் வைத்து, கலக்கிக்கொண்டே சூடாக்கி, 38ஐத் தாண்டியதும் அடுப்பைக் குறைத்து, 2 நிமிடத்துக்கு 1 பாகைக்கு மேல் ஏறாமல் பாருங்கள். ஏறும்போது சத்தம் நிற்கும் அளவையும் ஆறும்போது மீண்டும் கேட்கும் அளவையும் குறியுங்கள். மூன்று தடவை.

இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் பிழையல்ல, அது அந்தச் சுவிட்சின் இயல்பு. அதைப் பிழை என்று எண்ணித் திருகாணியைத் திருகிக் கெடுத்தவை ஏராளம். மூன்று தடவையும் ஒரே அளவில் தவறினால் டயலைத் திருத்தலாம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் அளவு வந்தால் குமிழிலிருந்து வரும் மெல்லிய செப்புக்குழாய் மடிந்து கசிகிறது, அல்லது உள்ளே தொடுமுனை தேய்ந்துவிட்டது. அதைத் திருத்தி நேரத்தை வீணாக்காமல் மாற்றிவிடுங்கள்.

வாழைச்சேனை, கல்முனை ஐஸ் ஆலைகளில் குளிரூட்டும் வாயுவை ஆறவைக்கும் கண்டென்சரின் தண்ணீர்க் குழாயில், தண்ணீர் ஓட்டம் குறைந்தால் கொம்பிரசரை நிறுத்தும் புளோ சுவிட்சின் கதை வேறு. அடிக்கடி விழுந்து ஆலையை நிறுத்துகிறது என்று வயர்த்துண்டால் இணைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். அது விழுவதற்குப் பெரும்பாலும் இடம்தான் காரணம். 2 அங்குலக் குழாயென்றால் முன்னும் பின்னும் 10 அங்குலமாவது நேராக இருக்கவேண்டும். வளைவை ஒட்டிப் பூட்டினால், ஓட்டத்தில் அசையும் அதன் துடுப்பு நடுங்கிக்கொண்டே இருக்கும்.

எந்த ஓட்டத்தில் சுவிட்ச் விழவேண்டும் என்று அளவு வைக்க, கண்டென்சரிலிருந்து திரும்பும் தண்ணீரை 20 லீற்றர் வாளியில் பிடியுங்கள். 24 செக்கனில் நிரம்பினால் நிமிடத்துக்கு 50 லீற்றர். பெரிய குழாய்க்கு 200 லீற்றர் பீப்பா. வால்வைச் சிறிது சிறிதாக மூடி, சுவிட்சின் தொடர்பு அறும் இடத்தில் மீண்டும் பிடித்துப் பாருங்கள். வால்வைத் திறந்துகொண்டே போய் அளவு வைத்தால் ஏமாற்றம்தான், ஏனெனில் சேரக் கூடுதல் ஓட்டம் வேண்டும், அறுவதோ குறைந்த ஓட்டத்தில். உவர்த்தண்ணீரில் பாசியும் உப்புப்படிவும் துடுப்பைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் நின்றாலும் ஓடுவதாகவே காட்டும். மாதம் ஒருமுறை, கொம்பிரசர் நின்றிருக்கும் நேரத்தில், பம்பை நிறுத்தித் தொடர்பு அறுகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

பிரதேச செயலகங்களில் தராசு முத்திரை குத்தும் நாட்களில், சான்றிதழ் பெற்ற வெப்பமானி ஒன்றையும் கலக்கியுடன் கூடிய தண்ணீர்த் தொட்டி ஒன்றையும் முத்திரை குத்தும் அளவீட்டுத் திணைக்களம் வைத்தால், ஆலைக்காரர் தங்கள் வெப்பமானியை அங்கேயே ஒப்பிட்டுக்கொள்வார்கள். பெரும்போக அறுவடைக்கு முன்னரே, மார்கழியில் வைத்தால் நல்லது.

கருவி பராமரிப்பாளர்கள் சிலர்,
சம்மாந்துறை.