பீரோவைத் திறந்து வைத்த பத்து நாட்கள்

மதுரை,
24.1.2025

அன்புள்ள வசந்தாவுக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, வீட்டுக்குள் கைத்தடி இல்லாமல் நடமாடுகிறாய் என்று படித்ததும் மனம் நிம்மதியாயிற்று. சித்திரையில் திருநெல்வேலி வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு கோயம்புத்தூர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகப் போவதையும், அங்கே சுவரில் பதித்த அலமாரியில் பாதிதான் உனக்கு என்று மருமகள் ஒதுக்கியிருப்பதையும், இரண்டு பீரோ நிறைய இருக்கும் புடவைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிவிடுவதையும் எழுதியிருந்தாய். நானும் பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஏழு ஆண்டுகள் அப்படித்தான் மூடிக்கொண்டிருந்தேன். சென்ற மார்கழியில்தான் துணிந்து இறங்கினேன். ஆகையால் உனக்கு ஆறுதல் சொல்வதைவிட, நான் செய்ததையும் செய்யத் தவறியதையும் அப்படியே எழுதுவதுதான் உதவும் என்று தோன்றுகிறது.

என்னை இறங்க வைத்தது அம்மாவின் கூறைப்புடவை. நீ பார்த்திருக்கிறாய், அரக்கு நிற உடல், மாம்பழ நிறக் கரை, முந்தானையில் வரிசையாக அன்னங்கள். 2003இல் அம்மா மறைந்த பிறகு அண்ணன் அதை என் கையில் கொடுத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, இரண்டு பாச்சை உருண்டைகளை நடுவில் வைத்து, மேல் தட்டில் பட்டுப்புடவைகளுக்கெல்லாம் அடியில் வைத்தேன். வருடந்தோறும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். பார்த்தால் அழுகை வரும் என்று விட்டுவிடுவேன். கார்த்திகையில் அண்ணன் பேத்தியின் திருமணத்துக்கு அதை உடுத்துவதென்று முடிவு செய்து, உறையைப் பிரித்து, கொசுவம் வைக்க விரித்தேன். மடிப்பு விழுந்திருந்த இடங்களில் எல்லாம் பட்டு நூல் பிரிந்து, கத்தியால் கோடு கிழித்தாற்போல விட்டுப்போயிற்று. கிழிகிற சத்தம்கூட வரவில்லை. உருண்டைகள் இருந்த இடத்தில் சரிகை இரண்டு வட்டமாகக் கறுத்திருந்தது. புடவையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அன்று திருமணத்துக்குக் கோ-ஆப்டெக்ஸ் பருத்திப் புடவை ஒன்றைத்தான் உடுத்திப் போனேன்.

பிறகு யோசித்துப் பார்த்தபோது காரணங்கள் விளங்கின. பட்டை ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் அழுத்தி வைத்தால் அந்தக் கோட்டிலேயே நூல் நைந்துபோகும். மேலே இருபது புடவைகளின் பாரம் வேறு. பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றி அதற்குப் பொன் முலாம் பூசியதுதான் அசல் சரிகை. வெள்ளிக் குங்குமச் சிமிழ் கறுப்பதுபோல அதுவும் ஈரக் காற்றில் கறுக்கும். பிளாஸ்டிக் உறையோ உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடுவதில்லை. பத்திரப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு இருபத்தோரு ஆண்டுகள் அம்மாவின் புடவையை இருட்டில் மடியவிட்டிருக்கிறேன், வசந்தா. இதை எழுதும்போதும் எனக்கு வலிக்கிறது. உன் பீரோவில் மாமியாரின் ஒன்பது கஜப் பட்டு இருக்குமே, இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அதை எடுத்துப் பிரித்துப் பார்.

இனி நான் செய்த முறையைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் கீழே இறக்கிக் குவிக்காதே. நான் முதல் நாள் அப்படிச் செய்து, மாலைக்குள் இடுப்பு ஒடிந்து, குவியலை அப்படியே திரும்ப அடைத்தேன். மறுநாளிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டேன். கூடத்தில் ஜமக்காளத்தை விரித்து, புடவையை வைத்து, அதன்மேல் அதற்குரிய ரவிக்கையையும் உள்பாவாடையையும் வைத்தேன். இந்த ஒரு காரியம்தான் என் கண்ணைத் திறந்தது. நூற்றுப் பன்னிரண்டு புடவைகள் இருந்தன. அவற்றில் இன்றைக்கு என் உடம்புக்குச் சேரும் ரவிக்கை உள்ளவை முப்பத்தெட்டே. மற்றவற்றை நான் உடுத்தாமல் இருந்ததற்குப் பிடிக்கவில்லை என்பதோ பழையதாகிவிட்டது என்பதோ காரணமாக இருந்திருந்தால் அவற்றை அப்போதே கொடுத்திருப்பேன். ரவிக்கை இறுக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான் காரணம். காலையில் அவசரமாகக் கிளம்பும்போது ஒவ்வொன்றையும் எடுத்து, ரவிக்கை நுழையாமல், திரும்ப வைத்துவிட்டு, சேர்கிறவற்றில் கைக்கு வரும் ஏழெட்டையே மாற்றி மாற்றி உடுத்தி வந்திருக்கிறேன்.

எனவே புடவையைத் தொடுவதற்கு முன் ரவிக்கைகளைப் போட்டுப் பார்த்துவிடு. உள்தையலில் துணி விட்டுத் தைத்தவற்றைத் தையற்காரரிடம் கொடுத்துப் பிரித்துவிடச் சொல்லலாம். எனக்குப் பதினொன்று அப்படி மீண்டன. மற்றவற்றுக்குத் தனித்தனியாகத் தைக்க முனையாமல் கறுப்பு, அரக்கு, மங்கிய பொன்னிறம் என்று மூன்று ரவிக்கைகளைப் புதிதாகத் தைத்துக்கொண்டேன். அந்த மூன்றோடு இருபதுக்கும் மேற்பட்ட புடவைகள் சேர்ந்துவிட்டன. நம் வயதில் அச்சாகப் பொருந்தும் ரவிக்கைதான் வேண்டும் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

ரவிக்கைத் துணிகள் தனிக் கதை. நவராத்திரிக் கொலு, வளைகாப்பு, வரலட்சுமி நோன்பு என்று தாம்பூலத்தோடு வந்து சேர்ந்தவை ஒரு பெட்டி நிறைய இருந்தன. ஒன்றிலும் எனக்குக் கைவைத்து ரவிக்கை தைக்கத் துணி போதாது. நமக்கு வந்ததை அடுத்த கொலுவுக்கு வேறொருவருக்கு வைத்துக் கொடுப்பதும், அவர் இன்னொருவருக்குக் கொடுப்பதுமாகத் துணி உடலைச் சேராமலே ஊர் சுற்றுகிறது. நான் அவை அனைத்தையும் எங்கள் தெருவில் தையல் கற்றுக்கொடுக்கும் பெண்ணிடம் கொடுத்தேன். மாணவிகள் வெட்டிப் பழகுவதற்கு ஆயிற்று. இனி தாம்பூலத்தில் துணி வைப்பதில்லை என்றும் முடிவு செய்துவிட்டேன்.

பிரிப்பதில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தவை பள்ளிக்கு உடுத்திய பருத்திப் புடவைகள். 1935இல் நெசவாளர் கூட்டுறவாகத் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் நம்மைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய உதவியாக இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளிக்குக் கடனில் எடுத்து, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி வாங்கியவை அவை. ஒவ்வொன்றும் ஒரு கல்வியாண்டு. ஆனால் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, விறைப்பாக உடுத்திக்கொண்டு நான் இனி எங்கே போகப் போகிறேன்? பத்தை வைத்துக்கொண்டேன். ஒன்றைச் சொல்ல மறக்கக் கூடாது: கஞ்சி போட்ட புடவையை அப்படியே நாட்பட அடுக்கி வைக்காதே. ராமபாணப் பூச்சி கஞ்சியைத் தேடி வரும். இரண்டு நல்ல புடவைகளைச் சல்லடையாக்கிவிட்டது. அலசிக் கஞ்சியைப் போக்கி உலர்த்தித்தான் உள்ளே வைக்க வேண்டும்.

கொடுப்பதைப் பற்றி நீ தனியாகக் கேட்டிருந்தாய். கிழிந்ததையும் கறை பட்டதையும் தானம் என்ற பெயரில் பிறர் கையில் திணிப்பது எனக்குச் சம்மதமில்லை. கொடுக்க வேண்டியவற்றைத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஃபால்ஸ் பிரிந்திருந்தால் தைத்து வைத்துக்கொண்டு, வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் விருப்பப்பட்டதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் பட்டையும் பருத்தியையும் தள்ளிவிட்டு, நான் மலிவு என்று ஒதுக்கியிருந்த நைலக்ஸ் புடவைகளில் நான்கை எடுத்தார். இரவில் அலசிப் போட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடும், இஸ்திரி வேண்டாம் என்றார். நானாகப் பொறுக்கிக் கொடுத்திருந்தால் அவருக்கு உதவாததைக் கொடுத்துவிட்டுத் திருப்தி அடைந்திருப்பேன். நைந்த பருத்திப் புடவைகள் வீணாவதே இல்லை: தங்கை மகளுக்கு மாசியில் பிரசவம் என்பதால் தூளிக்கு இரண்டு, குழந்தைத் துணிக்கு மூன்று என்று கிழித்துத் துவைத்து வைத்திருக்கிறேன், நைந்த துணியின் மென்மை எந்தப் புதுத் துணிக்கும் வராது. மிச்சத்தைப் பாத்திரக்காரர் எடுத்துக்கொண்டு ஒரு சிறு எவர்சில்வர் கிண்ணம் கொடுத்தார். போகியன்று எதையும் எரிக்கவில்லை. நைலான் துணி எரிகிற புகை தெருவுக்கே கேடு.

வைத்துக்கொண்டவற்றை அடுக்கிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது நினைவிலிருந்தே போய்விடுகிறது. எனவே பருத்திப் புடவைகளை நீளவாக்கில் சிறு மடிப்பாக மடித்து, அலமாரியில் புத்தகம் நிறுத்துவதுபோல, கரை வெளியே தெரியும்படி நிறுத்தினேன். கண் மட்டத்துத் தட்டு அன்றாடத்துக்கு. பட்டுப்புடவைகளை வெள்ளை மல் துணியில் தனித்தனியாகச் சுற்றினேன். என் கணவருடைய பழைய எட்டு முழ வேட்டிகளை வெட்டியே பாதி சுற்றிவிட்டேன். சரிகை வெளிப்பக்கம் உராயாமல் உள்ளே மடிய வேண்டும். ஆறேழு புடவைக்கு மேல் ஒரே அடுக்கில் கூடாது. கனமான பட்டை ஹேங்கரில் மாதக்கணக்கில் தொங்கவிடவும் கூடாது. பாச்சை உருண்டைக்குப் பதிலாக வசம்பும் கிராம்பும் சிறு துணி முடிச்சில் கட்டி மூலையில் வைத்திருக்கிறேன். தை, சித்திரை, ஆவணி, கார்த்திகை என்று நாட்காட்டியில் குறித்திருக்கிறேன். அந்த மாதங்களில் எடுத்து, வெயில் படாமல் நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி மடிப்பேன். தைக்கு உரியது சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

அம்மாவின் புடவை என்னவாயிற்று என்று கேட்பாய். தையற்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உடல் தாங்காது, ஒரு பக்கக் கரையும் முந்தானையும் மட்டும் தேறும் என்றார். கரையை எடுத்துப் புதிய பச்சைப் பட்டுத் துணியில் வைத்து, என் பேத்திக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தார். பொங்கலன்று அவள் அதை உடுத்திக்கொண்டு வாசல் கோலத்தைத் தாண்டித் தாண்டிக் குதித்தாள். கரையில் கருப்பஞ்சாறு சிந்திவிட்டது. ஈரத் துணியால் ஒற்றி எடுத்தேன். மங்கலான கறை இருக்கிறது. அம்மா இருந்திருந்தால் அவளை எதுவும் சொல்லியிருக்க மாட்டாள், நானும் சொல்லவில்லை.

பீரோவில் இப்போது அறுபத்தோரு புடவைகள் இருக்கின்றன. புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று வெளியேற வேண்டும் என்று வைத்திருக்கிறேன். நீ கோவைக்குப் போனபின் நெகமம் புடவை உன்னை இழுக்கும். பொள்ளாச்சிப் பக்கம் போகும்போது என் நினைவு வரட்டும்.

இன்னொன்று. 1983இல் முதல் சம்பளம் வாங்கிய வாரம் நாம் இருவரும் ஒன்றுபோல எடுத்தோமே, கத்தரிப்பூ நிறச் சுங்குடி, அது என்னிடம் இருக்கிறது. இப்போது கடைகளில் அச்சடித்த புள்ளிதான் மிகுதி. இதில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சௌராஷ்டிரப் பெண் கையால் நூல் முடிந்து, துணியைச் சாயத்தில் தோய்த்ததால் வந்தது. நிறம் வெளுத்து, கொசுவம் பகுதி கிழிந்துவிட்டது. எந்தக் கணக்கிலும் அது நிற்காது, இருந்தும் வைத்துக்கொண்டேன். உன்னுடையது இருக்கிறதா? இருந்தால் யாருக்கும் கொடுத்துவிடாதே. இரண்டிலும் நல்ல பகுதியை எடுத்து ஒட்டுத் தையல் போட்டால் ஒரு போர்வை தேறும் என்று தையற்காரர் சொல்கிறார்.

மாசி முதல் வாரத்தில் திருநெல்வேலிக்கு வந்து நான்கு நாட்கள் உன்னோடு தங்குகிறேன். மல் துணி பத்து மீட்டர் வாங்கி வருவேன். குனிந்து எடுக்கிற வேலையெல்லாம் என்னுடையது. நீ நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துச் சொன்னால் போதும். அதற்குள் ரவிக்கைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, சேர்வதையும் சேராததையும் இரண்டாகப் பிரித்து வை. மாமியாரின் பட்டு எப்படி இருக்கிறதென்று உடனே ஒரு வரி எழுது.

என்றும் அன்புடன்,
லலிதா