ஏரிக்கரையில் அறை தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

தேனிலவுக்கு ஏரிக்கரையில் நாலு நாள் என்று முடிவு செய்தது சரி. ஆனால் நீ அனுப்பிய விடுதிப் படங்களை வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றிலும் அதே ரோஜா இதழ் தூவிய கட்டில், அதே துண்டில் மடித்த அன்னப்பறவை. கதவைத் திறந்தால் தண்ணீர் தெரியுமா, கார் நிறுத்துமிடம் தெரியுமா என்பதை ஒரு படமும் காட்டவில்லை.

சித்தி கொடைக்கானல் என்கிறாள். அவளுக்கு அவள் கல்யாண நினைவு. கொடைக்கானல் ஏரி அழகுதான். 1863-ல் லெவிஞ்ச் என்ற கலெக்டர் ஓடையை மறித்து உண்டாக்கியது. ஆனால் சுற்றிலும் ஐந்து கிலோமீட்டருக்குச் சாலை ஓடுகிறது. சாலையில் சைக்கிள், குதிரை, மிளகாய் பஜ்ஜி, ஊர்ப்பட்ட கூட்டம். அறைக்கும் தண்ணீருக்கும் நடுவில் இத்தனையும் வந்துவிடும். அது சுற்றி நடப்பதற்கான ஏரி. நீ கேட்பது உட்கார்ந்து பார்ப்பதற்கு. அதனால் நீயே இரண்டாவதாக எழுதியிருந்த, கேரளாவின் வேம்பநாட்டுக் காயலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

விடுதியைத் தேடும் முன் கரையைத் தேர்ந்தெடு. காயல் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிறது. குமரகம் கிழக்குக் கரையில் இருக்கிறது, முகம்மா எதிரே மேற்குக் கரையில். குமரகத்தில் உட்கார்ந்தால் சூரியன் தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். முகம்மா பக்கம் என்றால் தண்ணீரிலிருந்து எழுவதைப் பார்க்கலாம். புதுமாப்பிள்ளை விடியற்காலை ஆறு மணிக்கு எழுந்து உதயம் பார்ப்பான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. எனவே குமரகம். ஆலப்புழை நகரம் காயலின் தென்கோடியில் இருக்கிறது. படகில் ஏற வசதியான ஊர், தங்குவதற்குச் சந்தடி அதிகம்.

குமரகத்தை நாடு முழுக்கத் தெரிய வைத்தவர்களில் வாஜ்பாயும் ஒருவர். 2000-ம் ஆண்டு கடைசியில் ஓய்வெடுக்க அங்கே போனார், அங்கிருந்தே எழுதவும் செய்தார். இன்று தேனிலவு ஊர் என்று பெயரெடுத்த இடத்துக்கு விளம்பரம் தேடித் தந்தது கல்யாணமே செய்துகொள்ளாத ஒரு பிரதமர்!

சரி, கரை முடிவானது. அடுத்தது அறை. 'காயல் ஓரம்' என்று விளம்பரம் செய்யும் விடுதியில் எல்லா அறையும் காயலைப் பார்க்காது. பாதி அறைகள் உள்ளே வெட்டிய வாய்க்காலைப் பார்க்கும், சில தோட்டத்தை. வாய்க்கால் அறையின் விலை குறைவு, பெயர் மட்டும் கவர்ச்சியாக இருக்கும். முன்பதிவு செய்யும்போது போனில் பேசு. "திண்ணையில் உட்கார்ந்தால் காயல் தெரியுமா, நடுவில் வேறு கட்டடம் இருக்கிறதா, திண்ணை மேற்கு பார்த்ததா" என்று கேள். மழுப்பினால் அடுத்த இடத்துக்குப் போ. இரண்டாவது கேள்வி ஜெனரேட்டர் எந்தப் பக்கம், மூன்றாவது ஜன்னலுக்குக் கொசுவலை உண்டா. நாற்புறமும் தண்ணீர் இருக்கும் ஊரில் மாலை ஆறு மணிக்குக் கொசு தன் வேலையைச் செய்யும்.

தண்ணீருக்கு எவ்வளவு நெருக்கம், அவ்வளவு நல்லது என்று நினைத்துவிடாதே. இதே காயலில் நெடியதுருத்து என்ற தீவில் 54 வில்லாக்களோடு ஒரு சொகுசு விடுதி எழுந்தது. கடலோர விதிகளை மீறியது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொல்லி, 2022-ல் இடிப்பு தொடங்கியது. கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, தென்னைகளுக்கு நடுவே நிற்கும் பழைய வீடுகளைத்தான் நான் விரும்புவேன். கேரள சுற்றுலாத்துறை ஹோம்ஸ்டேக்களுக்கு டைமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் கொடுக்கிறது. அந்தச் சான்று இருக்கிறதா என்று பார். ஆனால் ஒன்று, ஹோம்ஸ்டேயில் வீட்டுக்கார அம்மா பக்கத்திலேயே இருப்பார், பாசமாக நாலு கேள்வி கேட்பார். புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு அது எல்லோருக்கும் ஒத்துவராது. மணப்பெண்ணிடம் கேட்டுவிட்டு முடிவு செய். மொத்தத்தையும் நீயே முடிவு செய்து 'சர்ப்ரைஸ்' கொடுக்கிறேன் என்று மட்டும் கிளம்பாதே.

ஹவுஸ்போட் வேண்டாமா என்பாய். வேண்டும், ஒரே ஒரு இரவு. நண்பகலில் ஏறுவாய், மாலை ஐந்தரை மணிவாக்கில் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். அதன் பிறகு காயல் மீனவர்களுக்கு. வலை விரிக்கும் நேரத்தில் பெரிய படகுகள் ஓடக்கூடாது. ஆகவே ராத்திரி நிலா வெளிச்சத்தில் மிதந்து போகலாம் என்ற கற்பனையை இப்போதே கழற்றி வை. இரவு முழுக்கப் படகு கட்டிக் கிடக்கும், பக்கத்தில் இன்னும் நாலு படகு கட்டியிருக்கலாம். 'எங்கே கட்டுவீர்கள்' என்று முன்பே கேட்டு, கூட்டமில்லாத இடமாகச் சொல்லச் சொல். ஏசி பகலிலும் ஓடுமா, இரவில் மட்டுமா என்பதையும் கேள். விலை வித்தியாசம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. பகலில் சின்ன ஷிகாரா படகு எடுத்தால், பெரிய படகு நுழைய முடியாத வாய்க்கால்களுக்குள் போகலாம். எனக்கு அதுதான் பிடிக்கும். இன்னும் மலிவாக, முகம்மாவுக்கும் குமரகத்துக்கும் இடையே ஓடும் அரசுப் படகில் காயலைக் கடந்துவிட்டு வாருங்கள். பள்ளிப் பிள்ளைகள், மீன் கூடைகளோடு போகலாம். பாதிராமணல் தீவும் வழியில் தெரியும்.

நீங்கள் போகும் தை மாதத்துக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. தண்ணீர்முக்கத்தில் காயலின் குறுக்கே ஒரு தடுப்பணை உண்டு. குட்டநாட்டு வயல்களுக்குள் கடலின் உப்பு ஏறாமலிருக்க, வழக்கமாக டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை அதன் மதகுகளை மூடிவைப்பார்கள். குமரகமும் ஆலப்புழையும் அணைக்குத் தெற்கே இருக்கின்றன. அதனால் நீ போகும் நேரத்தில் அங்கே தண்ணீர் ஓட்டமில்லாமல் நிற்கும். உப்பில் கருகும் ஆகாயத்தாமரை இந்த நன்னீரில் செழித்துப் படரும். சில கரைகளில் தண்ணீரே தெரியாத அளவுக்குப் பச்சைப் பாய் விரிந்திருக்கும். ஆகவே விடுதிக்காரரிடம் பழைய படத்தை வாங்காமல், அந்த வாரத்தில் எடுத்த படம் ஒன்றை அனுப்பச் சொல். நல்ல பக்கமும் உண்டு. தை மாதம் மழை இல்லை, வயல்கள் பச்சையாக நிற்கும், குமரகம் சரணாலயத்துக்கு வலசைப் பறவைகள் வந்திருக்கும்.

ஒரு முற்பகல் வடக்கே வைக்கம் போய்வரலாம். 1924 போராட்டத்துக்காகப் பெரியார் சிறை சென்ற ஊர். அவருடைய நினைவகத்தைப் புதுப்பித்து 2024 டிசம்பரில் திறந்திருக்கிறார்கள். தேனிலவில் இது எதற்கு என்று அவள் சிரித்தால் விட்டுவிடு.

சென்னையிலிருந்து ஆலப்புழை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் மறுநாள் முற்பகலில் இறங்கலாம். குமரகத்துக்கு நேரே போக, கோட்டயம் வழியாகச் செல்லும் திருவனந்தபுரம் மெயில் இன்னும் வசதி. முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், அன்று காலையிலேயே உட்கார்ந்துவிடு. உன் கல்யாணம் தை இரண்டாம் வாரம் என்பதால் சபரிமலை மகரவிளக்குக் கூட்டம் அதற்குள் வடிந்திருக்கும்.

அப்புறம், அவள் சைவம் என்று சித்தி சொன்னாள். ஹவுஸ்போட்டை முன்பதிவு செய்யும்போதே அதைச் சொல்லிவிடு. இல்லாவிட்டால் சமையல்காரர் கரிமீன் வாங்கிக்கொண்டு படகில் ஏறிவிடுவார். உனக்கு ஒன்று தனியாகப் பொரிக்கச் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா