ஒரு கைப்பேசி எண்ணை நீக்கக் கோரித் துறை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய எழுத்துருக்களில் கிடக்கும் அலுவலகக் கோப்புகளை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றும்படி தங்கள் துறை சென்ற மாதம் எல்லா மாவட்ட அலுவலகங்களுக்கும் அனுப்பிய சுற்றறிக்கையைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். அந்தப் பணிக்கு எங்கள் எழுத்து மாற்றி மென்பொருளைத் தாங்கள் தேர்ந்தெடுத்ததில் எங்கள் குழுவினர் அனைவருக்கும் மகிழ்ச்சி உண்டு. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்16 என்னும் தமிழ்க் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்த நாளிலிருந்து நாங்கள் காத்திருந்த வேலை இது. ஆனால் அந்தச் சுற்றறிக்கையின் இணைப்பில், 'தொழில்நுட்ப உதவிக்கு' என்னும் தலைப்பின் கீழ் அச்சாகியிருக்கும் கைப்பேசி எண் தங்கள் துறையுடையது அன்று. எங்கள் குழுவுடையதும் அன்று. பெரம்பூரில் வசிக்கும் தன்னார்வலரான பெண்மணி ஒருவரின் சொந்த எண் அது. பயிற்சிப் பட்டறை ஒன்றுக்கு வந்த தங்கள் அலுவலர்களுக்கு இடத்துக்கு வழி சொல்வதற்காக அவர் கொடுத்தது. அந்த எண்ணை நீக்கித் திருத்தச் சுற்றறிக்கை வெளியிட வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

இதற்காக ஏற்கெனவே இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினோம். ஒரு முறை நேரில் வந்து தபால் பிரிவில் கடிதம் கொடுத்து, முத்திரையிட்ட நகலும் பெற்றுச் சென்றோம். பதில் வராததால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுத நேர்ந்தது.

சுற்றறிக்கை மாவட்டங்களைச் சென்றடைந்த வாரத்தில், அந்தப் பெண்மணியின் தாயார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். உறவினர் உள்ளே இருக்க அனுமதி இல்லை. வெளியே மாடிப்படிக்கு அருகில் போட்டிருக்கும் நாற்காலிகளில் காத்திருக்க வேண்டும். மருந்து வாங்கி வரவோ, கையெழுத்திடவோ, மருத்துவரிடம் பேசவோ அழைப்பு வந்தால் எழுந்து ஓட வேண்டும். அந்த அழைப்பு ஒரு நாள் பிரிவின் தொலைபேசியிலிருந்து வரும், மறுநாள் பணியில் இருக்கும் செவிலியரின் கைப்பேசியிலிருந்து வரும். ஆகவே அறிமுகமில்லாத எண் எதையும் அவரால் ஒதுக்க முடியவில்லை. கைப்பேசியை அணைத்து வைக்கவும் முடியவில்லை. நான்கு நாள்கள், அலுவலக நேரம் முழுவதும், அது ஒலித்த ஒவ்வொரு முறையும் அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று நெஞ்சு பதற எடுத்தார். மறுமுனையில் தங்கள் துறையின் ஏதோ ஒரு மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர், "மேடம், வெளியீடு என்கிற வார்த்தை உடைந்து வருகிறது" என்பார்.

அவர் ஒருவரிடமும் எரிந்து விழவில்லை. காத்திருப்பு நாற்காலியில் அமர்ந்தபடியே, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், கோப்பை எந்த வடிவில் சேமிக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், "நான் மருத்துவமனையில் இருக்கிறேன், இப்போது பேசும் நிலையில் இல்லை" என்று ஒரே ஒரு முறை சொன்னார். "உதவி எண் என்று போட்டுவிட்டு இப்படிச் சொன்னால் எப்படி? நாங்கள் யாரிடம் புகார் கொடுப்பது?" என்று மறுமுனையில் இருந்த மேலாளர் கேட்டிருக்கிறார். அந்த மேலாளரை நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருந்த தாளில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. அந்தத் தாளை அனுப்பியது தங்கள் அலுவலகம்.

அழைத்தவர்களும் வீணாக அழைத்தவர்கள் அல்லர். மாத இறுதிக்குள் முடிக்க வேண்டும் என்னும் கெடு அவர்கள் தலைமேல் இருந்தது. அவர்கள் கண்ட பிழையும் மெய்யானது. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவம்தான் என்பது தங்கள் கணினிப் பிரிவுக்குத் தெரியும். ஒற்றைக்கொம்பு, வகரம், ளகரம் என்று அடுத்தடுத்து வந்தால், அது 'வெள'வா, 'வௌ'வா என்பதை எழுத்து மாற்றியே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. தவறாகத் தீர்மானித்தால் வெளியீடு 'வௌியீடு' ஆகிவிடும். பணிப்பதிவேட்டில் வெள்ளைச்சாமி என்று இருப்பவர் 'வௌ்ளைச்சாமி' ஆகிவிடுவார். வேகமாகப் படிக்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாமல் போகலாம். ஆனால் கணினியில் அவர் பெயரைத் தேடினால் அகப்படாது. ஓய்வு பெற ஆறு மாதமே இருக்கும் ஊழியர் ஒருவரின் கோப்பில் இப்படி நேர்ந்தால், அதைக் கண்ட எழுத்தர் பதறாமல் என்ன செய்வார்?

ஆனால் இந்த வழு எங்களுக்கு முன்பே தெரிந்தது. ளகரத்தை அடுத்து வருவது உயிர்க்குறியா, புள்ளியா, வேறு எழுத்தா என்று பார்த்து முடிவெடுக்கும்படி திருத்தி, கடைசி இரண்டு பதிப்புகளாக அத்திருத்தத்தைக் கொடுத்துவருகிறோம். தங்கள் துறை பென்டிரைவில் படியெடுத்து மாவட்டங்களுக்கு அனுப்பியதோ அதற்கும் முந்தைய பதிப்பு. எந்தப் பதிப்பை எடுத்துக்கொள்வது என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்போம். அந்த நான்கு நாள்களில் வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை, ஏற்கெனவே தீர்ந்துபோன ஒரு சிக்கலுக்காக வந்தவை. எங்கள் குழுவில் எவராலும் இன்னும் மறக்க முடியாதது இதுதான்.

தொலைபேசி வழியாக இந்த உதவியை ஏன் செய்ய முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். 'தமிழ்' என்னும் சொல் பாமினி என்னும் பழைய எழுத்துருவில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக இருக்கிறது. இதைக் காதால் கேட்டு எவரும் பிழை கண்டுபிடிக்க இயலாது. இளநிலை உதவியாளர் ஒருவர் ஒரு பக்கம் முழுவதையும் இப்படி எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டியிருக்கிறார். நாற்பது நிமிடங்களுக்குப் பிறகுதான், அவர் கோப்பை எழுத்து மாற்றிக்கு நேரடியாகக் கொடுக்காமல் உள்ளடக்கத்தை நோட்பேடில் ஒட்டியிருந்தது தெரியவந்தது. அங்கே ஒட்டியதும் எந்த வரி பாமினி, எந்த வரி ஆங்கிலம் என்னும் தகவல் அழிந்துவிடும். பிறகு எழுத்து மாற்றி ஆங்கில முகவரியையும் தமிழென்று எடுத்துக்கொண்டு உருத்தெரியாமல் ஆக்கிவிடும். மாதிரிக் கோப்பு ஒன்றை அனுப்பியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை.

கிண்டி ஐஐடி வளாகத்தில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் கூடிய சென்னை லினக்ஸ் பயனர் குழுவில்தான் எங்களில் சிலர் கட்டற்ற மென்பொருள் உலகத்துக்குள் வந்தோம். அங்கே மூத்தவர்கள் எங்களுக்கு முதலில் கற்றுத்தந்தது நிரல் எழுதுவதை அன்று, கேள்வி கேட்பதை. என்ன செய்தாய், என்ன வரும் என்று எதிர்பார்த்தாய், என்ன வந்தது என்னும் மூன்றையும் எழுதிக் கொண்டு வா என்பார்கள். எழுதும்போதே பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். கிடைக்காதவற்றுக்கு ஒருவர் எழுத்தில் சொல்லும் விடை, அடுத்து அதே இடத்தில் இடறுகிற நூறு பேருக்குப் பயன்படும். தொலைபேசியில் சொன்ன விடை அழைத்தவரோடு போய்விடும். அடுத்தவருக்கு மீண்டும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஊதியம் பெறாத ஆறு பேர், வேலைக்குப் போய்வந்த பிறகு இரவில் நடத்தும் திட்டம் எங்களுடையது. ஒரே விடையை நூறு முறை சொல்வதற்கான நேரம் எங்களிடம் இல்லை. அந்த நேரத்தில்தான் அடுத்த வழுவைத் திருத்துகிறோம்.

தங்கள் துறை மட்டுமே இப்படிச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. இணையவழித் தரவுப் பரிமாற்றத்துக்கான கர்ல் மென்பொருளை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்க்குக்கு 2022 ஜனவரியில் ஒரு பெரிய நிறுவனம், வேறொரு மென்பொருளின் பாதுகாப்புக் குறையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் விளக்கம் தரும்படி மடல் அனுப்பியது. அவருக்கும் அந்நிறுவனத்துக்கும் எந்த ஒப்பந்தமும் இருக்கவில்லை. எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்கக் கருவிக்கு நேர்ந்ததோ இதைவிடக் கொடியது. அதை ஏறத்தாழத் தனி ஒருவராகப் பராமரித்துவந்தவரை, வேகம் போதவில்லை, பொறுப்பை வேறொருவரிடம் கொடு என்று 2022-இல் சிலர் விடாமல் நெருக்கினார்கள். தம் மனநலம் நீண்ட நாளாகச் சரியில்லை என்றும், இது ஊதியமில்லாமல் செய்யும் வேலை என்றும் அவர் எழுதியும் அவர்கள் விடவில்லை. உதவ வந்தவர்போல் வந்த ஒருவரிடம் பொறுப்பின் ஒரு பகுதி போயிற்று. பிறர் கணினிகளுக்குள் திருட்டுத்தனமாகப் புக வழிவிடும்படி அந்த ஆள் அதில் நுழைத்த கள்ளக்கதவுதான் 2024 மார்ச் மாதம் வெளிப்பட்டது. உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர் தோண்டிப் பார்த்திராவிட்டால், உலகம் முழுவதிலும் எத்தனையோ வழங்கிக் கணினிகளுக்குள் அது போய் அமர்ந்திருக்கும். பராமரிப்பவரைக் களைப்படையச் செய்தால், அவருடைய மென்பொருளை நம்பியிருக்கும் எல்லோருக்கும் அது ஆபத்து. தங்கள் துறையின் பணிப்பதிவேடுகள் இப்போது எங்கள் மென்பொருளை நம்பியிருக்கின்றன.

உரிமக் கட்டணம் மிச்சமானதாகச் சுற்றறிக்கையின் முதல் பத்தியிலேயே குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த மிச்சத்தில் ஒரு சிறு பகுதியை உதவி செய்யும் ஆட்களுக்காக ஒதுக்கத் தோன்றாதது எங்களுக்கு வருத்தம் தருகிறது. கட்டற்ற மென்பொருள் என்றால், எடுத்துப் பயன்படுத்தவும் படித்துப் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை உண்டு என்று பொருள். அதை எழுதியவர்கள் தொலைபேசிக்கு அருகில் அமர்ந்திருப்பார்கள் என்பது அதில் அடங்காது. கட்டற்ற மென்பொருளுக்காக 2007-இல் வெளிவந்த குனு பொதுமக்கள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பின்கீழ் எங்கள் மென்பொருளை வெளியிடுகிறோம். உத்தரவாதம் இல்லை என்பதை அதன் 15-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கட்டணம் பெற்றுக்கொண்டு உதவி வழங்கலாம் என்று 4-ஆம் பிரிவு இடமும் தருகிறது. இந்தச் சென்னையிலேயே அதைச் செய்யக்கூடிய சிறு நிறுவனங்கள் உண்டு. எங்களைத்தான் அமர்த்த வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஆகவே, அந்தக் கைப்பேசி எண்ணை நீக்கித் திருத்தச் சுற்றறிக்கை ஒன்றை வரும் திங்கட்கிழமைக்குள் வெளியிட வேண்டும் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். எண்ணை மாற்றிக்கொள்ளும்படி அவரிடமே சொல்லலாமே என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் எங்களிடம் கூறினார். அவருடைய தாயார் வீடு திரும்பிவிட்டார். ஆனால் மறுபரிசோதனைக்கான அழைப்புகள் அதே எண்ணுக்குத்தான் வருகின்றன. பதினைந்து ஆண்டுகளாக வங்கிக்கும் வேலைக்கும் உறவினருக்கும் கொடுத்து வைத்திருக்கும் எண்ணை, தாம் செய்யாத ஒரு பிழைக்காக அவர் ஏன் மாற்ற வேண்டும்?

அந்த எண் இருந்த இடத்தில் தங்கள் கணினிப் பிரிவின் எண் வரட்டும். அப்பிரிவிலிருந்து இருவரைத் தாங்கள் நியமித்தால், மாவட்ட அலுவலகங்களின் கேள்விகளை முதலில் அவர்கள் கேட்டுக்கொள்ளலாம். அவர்களால் தீர்க்க முடியாதவற்றை மட்டும், பயன்படுத்திய பதிப்பைக் குறிப்பிட்டு, ஊழியர்களின் விவரங்களை நீக்கிய மாதிரிக் கோப்புடன் வழுவறிக்கையாக எங்களுக்கு எழுதலாம். அவற்றுக்கு நாங்கள் பதில் எழுதுவோம், எழுதாமல் இருந்ததில்லை. அந்த இருவருக்கும் கற்றுத்தர எங்களில் இரண்டு பேர் தாங்கள் சொல்லும் ஏதேனும் ஒரு சனிக்கிழமை, புதிய பதிப்புடன் தங்கள் அலுவலகத்துக்கு வருகிறோம். இதற்குக் கட்டணம் வேண்டாம்.

திருத்தச் சுற்றறிக்கையின் நகல் ஒன்றை எங்களுக்கும் அனுப்பி உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதை அந்தப் பெண்மணியிடம் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
எழுத்து மாற்றித் திட்டத்தின் பராமரிப்பாளர்களில் ஒருவன்,
சென்னை.