எடுத்த படம் யாருக்குச் சொந்தம்?

ஜோகன்னஸ்பர்க்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. மகள் விஸ்காம் முடித்துவிட்டாள், கேமராவைத் தவிர வேறு எதையும் தொடமாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருந்தாய். "மாசச் சம்பளம் இல்லாத பொழப்பு அங்க எப்படி ஓடுது, உள்ளதை உள்ளபடி எழுது" என்றும் கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இதை அவளும் படிக்கட்டும்.

இங்கே ஃப்ரீலான்ஸ் என்றால் எல்லா வேலையும்தான். சனிக்கிழமை கல்யாணம் இருக்கும். திங்கட்கிழமை ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கைக்காகத் தலையில் விளக்கோடு நிற்கும் சுரங்கத் தொழிலாளர்களை எடுக்க வேண்டியிருக்கும். பிறகு பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகளின் மெட்ரிக் டான்ஸ் விழா, இடையிடையே காட்டோர லாட்ஜ்கள். தென் ஆப்பிரிக்கா என்றாலே சிங்கத்தின் பின்னால் அலைகிறேன் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். சிங்கத்தை மட்டும் எடுத்துக் குடும்பம் நடத்துகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எனக்குச் சோறு போடுவது மனுஷ முகம்தான்.

பணம் வருவதற்கு நேரம் காலம் கிடையாது. கல்யாண வீட்டில் பாதி அட்வான்ஸ் வாங்கிவிடலாம். பெரிய கம்பெனிகள் முப்பது நாள் என்று சொல்லி அறுபது, தொண்ணூறு என்று இழுக்கும். வரியோ ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் தவறாமல் கட்டியாக வேண்டும். இந்த நாட்டுப் பணமான ராண்ட் விழுந்தால் லென்ஸ் விலை ஏறிவிடும். மூன்று மாதச் செலவுக்குக் கையில் காசு இல்லாமல் யாரும் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது. பணத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

தொழிலைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். போன மாதம் ஜோகன்னஸ்பர்க்கில் கறுப்பின மக்கள் வாழும் சொவெட்டோவில் ஒரு கல்யாணம். உச்சி வெயில். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது, குளிர்காலத்தில் காற்றில் ஈரமே இருக்காது, வெயில் முகத்தில் நேராக இறங்கும். பெண் நல்ல கறுப்பு, கவுன் தும்பைப்பூ வெள்ளை. கேமராவை அதன் போக்கில் விட்டால் கவுனைக் காப்பாற்றி முகத்தை இருட்டாக்கிவிடும். பெண்ணை வீட்டு கராஜ் நிழலுக்குள் இரண்டடி தள்ளி நிறுத்தினேன். எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அவள் ஒரு பக்கத்தில் விழுந்தது. ஓர் இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். நெற்றியிலும் கன்ன மேட்டிலும் ஒரு மினுக்கு வருமே, அந்த மினுக்கு வெளுத்துப் போகாமல் நிற்கிற அளவுதான் சரியான எக்ஸ்போஷர். கவுனில் நூல் வேலை கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை, முகம்தான் முக்கியம். மறுநாள் உமாபோ. பெண் புகுந்த வீட்டாருக்குக் கம்பளமும் கோரைப்பாயும் கொடுக்கும் சடங்கு. அன்று அவள் சிவப்பு இசிக்கோலோ தொப்பி வைத்து வந்தபோது வேலை இன்னும் சுலபமாகிவிட்டது. சிவப்புக்கும் அந்தத் தோலுக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

எடிட்டிங்கில் நான் யாரையும் வெளுப்பாக்குவதில்லை. நம் ஊர் ஸ்டுடியோவில் பவுடர் அப்பி, டச்சிங்கில் மேலும் நாலு சுற்று வெளுத்துக் கொடுத்தோமே, அது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். கலர் ஃபிலிம் காலத்தில் லேப்களுக்குக் கோடாக் அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்ததே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். ஷெர்லி அட்டை என்பார்கள். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். உன் மகள் இந்த வேலைக்கு வந்தால் முதலில் கறுப்பு முகத்துக்கு வெளிச்சம் வைக்கப் பழகட்டும். அதற்கு அவள் இவ்வளவு தூரம் வரவே வேண்டாம், வீட்டிலேயே ஆரம்பிக்கலாம்.

இந்த நாட்டில் கேமராவுக்கு வேறொரு வரலாறும் இருக்கிறது. நிறவெறிக் காலத்தில் பதினாறு வயதைத் தாண்டிய கறுப்பின மக்கள் படம் ஒட்டிய பாஸ் புத்தகம் இல்லாமல் நடமாட முடியாது. 1986-ல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. அந்தப் படங்களை எடுக்கப் போலராய்டு கேமராவும் பயன்பட்டது. 1970-ல் அமெரிக்காவில் அந்தக் கம்பெனியின் ஊழியர்களே அதை எதிர்த்துப் போராட ஆரம்பித்தார்கள். 1977-ல் கம்பெனி இங்கே வியாபாரத்தை நிறுத்தியது. எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்து லென்ஸைத் திருப்பும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். அவர் வாழ்க்கையில் கேமராவைப் பார்த்து உட்கார்ந்த முதல் தடவை போலீசிடம் காட்டுவதற்கான படமாக இருந்திருக்கலாம். அதனால் கேமராவை உடனே எடுக்கமாட்டேன். உட்கார்ந்து டீ குடித்து, எதற்காக எடுக்கிறேன், எங்கே போகும் என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பேன். பையில் சின்ன பிரிண்டர் ஒன்று வைத்திருக்கிறேன். கிளம்பும் முன் ஒரு பிரதி அவர் கைக்குப் போய்விடும்.

இங்கே ஊர் நடுவில் ஜூபேர்ட் பார்க் என்று ஒரு பூங்கா. அங்கே ஆளுக்கு ஓர் இடம் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்காகப் படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜிம்பாப்வே, மொசாம்பிக் என்று பிழைக்க வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை நல்ல சட்டை போட்டு நின்று எடுத்துக்கொண்டு, ஊருக்கு அனுப்புவார்கள். வாங்க வராமல் தங்கிப்போன படங்களைக்கூட அவர்கள் தூக்கிப் போடாமல் கட்டி வைத்திருப்பார்கள். எனக்கு அந்தப் பூங்காக்காரர்கள் மேல் பெரிய மரியாதை. அவர்களும் என்னைப்போல ஃப்ரீலான்ஸ்தான்.

காடு, பாலைவனம் பற்றியும் கேட்டிருந்தாய். க்ரூகர் பூங்காவில் வண்டியை விட்டு இறங்க முடியாது, ஸ்டாண்டுக்கு அங்கே வேலையில்லை. காலிப் பையில் அரிசியை நிரப்பி ஜன்னலில் போட்டு அதன்மேல் பெரிய லென்ஸை வைப்போம். நமீபியாவில் டெட்வ்லை என்று ஓர் இடம். அறுநூறு வருஷத்துக்கு மேல் முன்னால் பட்டுப்போன முள்மரங்கள் வெள்ளைக் களிமண் தரையில் இன்னும் நிற்கின்றன. மக்குவதற்குக்கூட ஈரமில்லாத இடம். காலையில் கொஞ்ச நேரம், பின்னாலுள்ள மணல்மேட்டில் வெயில் ஏறியிருக்கும், மரம் நிற்கும் தரை இன்னும் நிழலில் இருக்கும். அப்போதுதான் ஆரஞ்சுச் சுவருக்கு முன்னால் மரங்கள் கறுப்பாகத் தனித்துத் தெரியும். அங்கே போக, பூங்காவின் செஸ்ரியம் வாசலிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். வெளியே தங்குகிறவர்களுக்கு வாசல் சூரியோதயத்தில்தான் திறக்கும், உள்ளே தங்குகிறவர்கள் முன்னதாகவே கிளம்பலாம். உள்ளே தங்கும் செலவைக் கொட்டேஷனில் போடாதவனுக்கு அந்த வெளிச்சம் கிடைக்காது. கலை என்று நாம் சொல்வதில் பாதி இப்படிக் கணக்குப் போடுவதுதான்.

இனிதான் உன் மகளுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. இங்கே என்னோடு வேலை செய்யும் ஒருவர் ஒரு லாட்ஜுக்காக யானைக்கூட்டம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஒருநாள் கூலி வாங்கினார். பிறகு அந்தப் படம் விமான நிலைய விளம்பரப் பலகையிலும், லாட்ஜின் கூட்டாளிக் கம்பெனிகளின் விளம்பரங்களிலும் வந்தது. அவருக்கு ஒரு காசு வரவில்லை. கேட்டுப் பார்த்தார், சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. இந்த நாட்டின் 1978-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம், 21-ம் பிரிவு: காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவரே, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், படத்தின் சொந்தக்காரர். நம் ஊரிலும் 1957-ம் வருஷச் சட்டத்தின் 17-ம் பிரிவு இதையேதான் சொல்கிறது. இரண்டுக்கும் மூலம் 1911-ல் பிரிட்டிஷ்காரன் போட்ட சட்டம். அவன் தன் நாட்டில் 1988-ல் அதை மாற்றிக்கொண்டுவிட்டான். நாம்தான் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறோம். "வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்பதில்தான் நம் பிழைப்பே இருக்கிறது. உரிமை எடுத்தவருக்கே, வாடிக்கையாளர் இந்தந்த இடத்தில் இத்தனை வருஷம் பயன்படுத்தலாம் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்காமல் ஷட்டரை அழுத்தக் கூடாது.

சாம் ந்சிமா கதையைச் சொல்கிறேன். 1976 ஜூன் 16, சொவெட்டோ மாணவர் எழுச்சி. சுடப்பட்ட ஹெக்டர் பீட்டர்சன் என்ற சிறுவனை ம்புயிசா மகுபோ என்ற இளைஞன் தூக்கிக்கொண்டு ஓட, அக்கா கதறிக்கொண்டு பக்கத்தில் ஓடி வரும் அந்தப் படத்தை நீ பார்த்திருப்பாய். எடுத்தவர் ந்சிமா. போலீஸ் பிடுங்குவதற்குள் ஃபிலிமைக் காலுறைக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். உலகமெங்கும் படம் போனது. அவருக்குக் கிடைத்தது போலீஸ் தொல்லை. வேலையை விட்டுச் சொந்த ஊரான லில்லிடேலுக்குப் போனார், அங்கும் வீட்டுக்காவல். பத்திரிகையின் சம்பளக்காரர் என்பதால் படம் அவருடையதாக இருக்கவில்லை. 1998-ல்தான் உரிமை அவர் கைக்கு வந்தது, இருபத்திரண்டு வருஷம் கழித்து. 2018-ல் காலமானார்.

எர்னஸ்ட் கோல் என்று இன்னொருவர். இந்த நாட்டின் முதல் கறுப்பின ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபர் என்பார்கள். நிறவெறியின் அன்றாடத்தை எடுத்து, நாட்டை விட்டு வெளியேறி, 1967-ல் அமெரிக்காவில் புத்தகமாக்கினார். இங்கே அதைத் தடை செய்தார்கள். 1990-ல் நியூயார்க்கில், வறுமையில் செத்துப்போனார். நெகட்டிவ்கள் தொலைந்தே போயின என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 2017-ல் ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கிப் பெட்டகத்திலிருந்து அறுபதாயிரம் நெகட்டிவ்கள் குடும்பத்தின் கைக்கு வந்தன. அவற்றை யார் அங்கே வைத்தது, இத்தனை வருஷம் யார் கட்டணம் கட்டியது என்ற கேள்வி அவர் சொந்தக்காரர்களுக்குப் பெரிய வேதனை. படம் எடுத்தவன் தன் படத்தின் மேல் பிடியை இழந்தால் இப்படித்தான் ஆகும். எனக்கு இதைப் பேசும்போதே கோபம் வருகிறது, மாப்ள.

ஆகவே பிள்ளைக்கு நீ தடை சொல்லாதே. பெரிய லென்ஸ் வாங்கித் தராதே, அதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். 50 எம்எம் லென்ஸ் ஒன்று, நல்ல ஹார்ட் டிஸ்க் இரண்டு போதும். எடுத்ததை அன்றைக்கே இரண்டிலும் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வைக்கச் சொல். ஒப்பந்தப் படிவம் என்னிடம் இருக்கிறது, தமிழில் எழுதி அனுப்புகிறேன். படிப்பு வேண்டுமென்றால் போட்டோகிராபர் டேவிட் கோல்ட்பிளாட் 1989-ல் இங்கே ஆரம்பித்த மார்க்கெட் ஃபோட்டோ வொர்க்‌ஷாப் இருக்கிறது. நல்ல பள்ளி. வந்தால் எங்கள் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் போட்ஸ்வானா போகிறேன். எல்லையில் கேமரா, லென்ஸ் நம்பரையெல்லாம் சுங்கத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் திரும்பும்போது புதுச் சரக்கா என்று கேட்பார்கள். அங்கே சிக்னல் கிடைக்காது, பதில் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதே. அம்மாவின் கண் ஆபரேஷன் எப்படி ஆனது, சொட்டு மருந்தை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாரா, எழுது.

அன்புடன்,
ரவி