அளந்து சொன்னவர்களுக்கும் துணை நின்றவர்களுக்கும் நன்றி

பெருமதிப்பிற்குரிய மருத்துவர் அம்மா அவர்களுக்கும், செவிலியர் சகோதரிகளுக்கும், கொழிஞ்சாம்பாறை உறவுகளுக்கும் வணக்கம்.

எங்கள் மகள் பிறந்து, நானும் அவளும் நலமாக இருக்கும் இவ்வேளையில், கோயம்புத்தூரில் எனக்கு ஸ்கேன் செய்த மருத்துவருக்கே முதல் நன்றி உரியது. சோதனைக்குழாய் முறையில் உருவாக்கி உறைநிலையில் வைத்திருந்த எங்கள் கருவை என் கருப்பைக்குள் வைப்பதற்கு ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோது, கருப்பையின் உட்சவ்வு 6 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை என்று கண்ட அவர், அந்த மாதம் வேண்டாம் என்று துணிந்து நிறுத்திவைத்தார். திரையை என் பக்கம் திருப்பி, உட்சவ்வு தசைச்சுவரைத் தொடும் இரு எல்லைகளிலும் சிறு கூட்டல் குறிகளை வைத்து, இடைப்பட்ட தூரமே தடிமன் என்று காட்டினார். கரு தங்குவதற்குச் சவ்வைத் தயார்படுத்தும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்தைத் தொடங்குமுன், நடுவில் ஒன்றும் ஓரங்களில் இரண்டுமாக மூன்று வெள்ளைக் கோடுகள் தெளிவாகத் தெரிவதும் நல்ல அறிகுறி என்றார்.

பொதுவாக 7 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கரு தங்கும் வாய்ப்பு குறையும் என்றாலும், அதற்குக் கீழே இருந்தும் கருத்தரித்தவர்கள் உண்டு, நல்ல தடிமன் இருந்தும் தங்காதவர்களும் உண்டு, கருவின் தரத்தையும் முட்டை எடுத்தபோதைய வயதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். பொய்யான நம்பிக்கையும் தராமல், வீணாகப் பயமுறுத்தவும் செய்யாமல் பேசிய அந்த நேர்மைக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

முன்பு கரு கலைந்தபோது செய்த கருப்பைச் சுத்திகரிப்பால் உள்ளே சுவர்களை ஒன்றோடொன்று பிணைக்கும் தழும்பு ஒட்டுகள் ஏற்பட்டிருக்கலாம் என்று ஐயுற்று, கருப்பைக்குள் சிறு கேமராவைச் செலுத்திப் பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோபி மூலம் அவற்றைக் கண்டு நீக்கிய மருத்துவருக்கும் நன்றி. அதன்பின் சவ்வை வளரச் செய்யும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாத்திரைகளால் சவ்வு 8 மில்லிமீட்டரைக் கடந்தது. மாத்திரை வேளை தவறாமல் தொலைபேசியில் நினைவூட்டிய செவிலியரை மறக்க இயலாது.

வேலந்தாவளம் வழியாக விடியுமுன்னே கிளம்ப வேண்டிய நாட்களில் முகம் சுளிக்காமல் வந்து, வேகத்தடைகளில் மெல்ல இறக்கி ஓட்டிய ஆட்டோ அண்ணனுக்கும், என் வகுப்புகளைத் தம் வகுப்புகளோடு சேர்த்து நடத்திய சக ஆசிரியைகளுக்கும் மனமார்ந்த நன்றி. கல்யாண வீடுகளில் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்டவர்களுக்கு என்னைப் பதில் சொல்ல விடாமல் தாமே முன்நின்று பேசிய என் அத்தையின் அன்பை எழுத்தில் அடக்க முடியாது, மருந்துக்கு நிகராக அது என்னைத் தாங்கியது.

குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாளை விரைவில் தெரிவிக்கிறோம். அனைவரும் குடும்பத்தோடு வந்து அவளை வாழ்த்த வேண்டுகிறோம்.