அடுத்த வருஷம் என்று வைக்காதே, மகள்

கிளிநொச்சி,
ஓகஸ்ட் 14

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ போனில் கதைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. மருமகனுக்கு இந்த மாதக் கடைசியில் திடீரென்று ஒரு வாரம் லீவு கிடைத்திருக்கிறது, பிள்ளைகளை ஒர்லாண்டோவில் இருக்கிற டிஸ்னி வேர்ல்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று ஆசைப்பட்டாய். பார்த்தால், மற்றவர்கள் சாப்பிடுகிற மேசை வரைக்கும் இரண்டு மாதத்துக்கு முன்பே பதிந்து வைத்திருக்கிறார்கள் என்றாய். "சரி அப்பா, அடுத்த வருஷம் ஆறுதலாகப் பதிந்துகொண்டு போவோம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அந்த "அடுத்த வருஷம்" தான் என்னை எழும்பி இருக்க வைத்தது. போனில் சொன்னால் பாதியில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள், அதனால் எழுதுகிறேன். எங்கள் முன் அறையில் தங்கி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பெடியன் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான்.

அவனைத்தான் இரவு பதினொரு மணி வரை பக்கத்தில் இருத்தி, அந்த இடத்தைப் பற்றி இருக்கிறதை எல்லாம் வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். அம்மா இரண்டு தரம் தேத்தண்ணீர் போட்டுத் தந்தா. நான் பழைய பழக்கத்தில் ஒரு சி.ஆர். கொப்பியில் நடுவில் கோடு போட்டு, பதிந்தால்தான் கிடைக்கிறவை ஒரு பக்கம், பதியாமலும் கிடைக்கிறவை மறுபக்கம் என்று எழுதிக்கொண்டு வந்தேன். எழுதி முடித்துப் பார்த்தால், பதிந்தால்தான் கிடைக்கும் என்ற பக்கத்தில் ஐந்தாறு வரிகூட இல்லை.

முதலில் உன் பெரிய பயம். உள்ளே போவதற்கே தனியாக நாள் பதிய வேண்டும் என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது கொரோனாக் காலத்துக் கதை. 2020இல் திரும்பத் திறந்தபோது கொண்டு வந்த அந்த முறை, 2024 ஜனவரி 9ஆம் திகதியிலிருந்து திகதி போட்ட ரிக்கற்றுக்கு இல்லை. போகிற நாளைக் குறிப்பிட்டு ரிக்கற் வாங்கினால் அதுவே போதும். நாளுக்கு நாள் விலை மாறும், அதை மட்டும் பார்த்துக்கொள்.

மேசைக் கதை உண்மைதான். இருந்து சாப்பிடுகிற பெரிய கடைகளுக்கு 60 நாளுக்கு முன்பே பதிவு தொடங்குகிறது. ஆனால் பதிந்தவர்கள் எல்லாரும் வருவதில்லை, மகள். இதை நான் வாசித்தறியவில்லை, டிப்போவில் இருந்து கண்டது. 2015இல் ஓய்வு பெறும் வரை கொழும்பு பஸ்ஸின் சீற் கொப்பி என் மேசையில்தான் இருந்தது. தீபாவளி, பொங்கல் வந்தால் அந்தக் கொப்பியில் ஒரு வரி வெறுமையாக இராது. அப்படி ஒரு தீபாவளிக்கு முதல் நாள் இரவு, மல்லாவிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகளோடும் ஒரு உரப்பையோடும் வந்து நின்றா. மகன் விடிய வெளிநாடு போகிறான், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஒருக்கால் முகம் பார்க்க வேண்டும் என்றா. இடமில்லை என்று கொப்பியைத் திருப்பிக் காட்டினேன். ஆனால் திரும்பிப் போகாதேயுங்கோ அம்மா, அந்தத் தேத்தண்ணீர்க் கடையடியில் நில்லுங்கோ என்றும் சொன்னேன். வெளிக்கிட எட்டு நிமிடம் இருக்கும்போது, மூன்று பேர் வரவில்லை என்று ஒரு போன் வந்தது. சிவப்புப் பேனையால் அந்த மூன்று வரியையும் வெட்டிவிட்டுக் கடையடியைப் பார்த்தேன், அம்மா அங்கேயே நின்றா. அவவுக்கு முதல் வந்து கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன பத்துப் பேருக்கும் அந்தச் சீற் கிடைக்கவில்லை.

அங்கேயும் அதேதான் நடக்கிறது. பதிந்த மேசைக்கு வராமல் விட்டால் ஆளுக்கு 10 டொலர் வெட்டுவார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு 2 மணித்தியாலம் முன்பு கைவிட்டால் அந்தக் காசு இல்லை. அதனால் முதல் நாள் இரவிலும் அன்று காலையிலும் மேசைகள் காலியாகும். அவர்களுடைய ஆப்பில் நீயும் மருமகனும் மாறி மாறிப் பாருங்கள். கடைக்குக் கிட்டப் போனபிறகு அன்றைய காத்திருப்புப் பட்டியலில் பெயர் போடவும் சில கடைகளில் வழி இருக்கிறது. அதுவும் கிடைக்காவிட்டால், நின்று வாங்குகிற கடைகளுக்குப் பதிவே தேவையில்லை, போனில் அந்த ஆப்பிலேயே சொல்லிவிட்டுப் போய் எடுக்கலாம். சிண்டரெல்லா மாளிகைக்குள் இருந்து சாப்பிடுகிற மேசையை மட்டும் மனதிலிருந்து எடுத்துவிடு. கடைசி நேரத்தில் அதன் பின்னால் ஓடினால் அந்த நாளே போய்விடும்.

அம்மா சொல்லச் சொன்னது: வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டு போக விடுகிறார்களாம். பாணும் கட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டு போகட்டாம். கண்ணாடிப் போத்தல் கூடாது, அதனால் ஊறுகாயைப் பிளாஸ்ரிக் டப்பாவில் போடு. நின்று வாங்குகிற கடைகளில் ஐஸ் தண்ணீர் கேட்டால் காசில்லாமல் தருவார்கள். அந்த வெயிலுக்கு இது பெரிய விஷயம்.

இனி, நீ போகப் போகிற வாரம். கனடாவில் உங்களுடைய ஒன்ராறியோப் பள்ளிக்கூடங்கள் செப்ரெம்பர் முதல் திங்கட்கிழமை கழியத்தானே திறக்கும்? டிஸ்னி வேர்ல்ட் இருக்கிற புளோரிடாவில் ஓகஸ்ட் 10ஆம் திகதி அளவிலேயே திறந்துவிடுகிறார்கள். ஆகவே அந்த ஊர்ச் சனம் குறைகிற நேரத்தில் உன் பிள்ளைகளுக்கு இன்னும் லீவு இருக்கிறது. ஆறு மாதம் திட்டம் போட்டு மார்ச் லீவில் போகிறவர்களுக்கு இந்த வசதி கிடைக்காது. சனம் குறைவதற்குக் காரணமும் இருக்கிறது. புழுக்கம், பின்னேரத்தில் இடியோடு மழை, அதோடு புயல் காலம். ஜூனிலிருந்து நவம்பர் வரை அங்கே புயல் காலம். வெளிக்கிட முதல் ஒரு கிழமையும் புயல் செய்தியைப் பார். காலையில் வெள்ளனப் போய் ஓடித்திரிந்துவிட்டு, மத்தியானம் அறைக்கு வந்து பிள்ளைகளை நித்திரையாக்கி, பொழுதுபடத் திரும்பப் போவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. நாங்களும் வயலுக்கு அப்படித்தானே போய் வந்தோம்.

வரிசையில் நிற்காமல் போக லைட்னிங் லேன் என்று காசு கட்டுகிற ஒரு வழி இருக்கிறது. டிஸ்னியின் ஹோட்டலில் தங்குகிறவர்கள் வந்து தங்குகிற நாளுக்கு 7 நாள் முன்பும், வெளியில் தங்குகிறவர்கள் பூங்காவுக்குப் போகிற நாளுக்கு 3 நாள் முன்பும் காலை 7 மணியிலிருந்து பதியலாம். மூன்று நாள் உனக்குத் தாராளமாக இருக்கிறது. ஆனால் முழுவதற்கும் வாங்காதே. மாளிகை இருக்கிற மஜிக் கிங்டம் என்ற பூங்காவுக்குப் போகிற நாளுக்கு மட்டும் வாங்கு, மூத்தவனுக்காக. மற்ற நாளில் கதவு திறக்கமுதல் வாசலில் நின்றாலே முதல் ஒரு மணித்தியாலத்தில் நிறையப் பார்த்துவிடலாம். டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் அரை மணித்தியாலம் முந்தி உள்ளே விடுவார்கள், அந்த அரை மணித்தியாலத்துக்கு நல்ல பெறுமதி இருக்கிறது.

அங்கே பெரிய பூங்காக்கள் நான்கு. நான்கையும் பார்க்க நினைக்காதே. இரண்டு போதும்: மஜிக் கிங்டம், அனிமல் கிங்டம். அனிமல் கிங்டத்தில் வெளிவிட்ட யானையையும் ஒட்டகச் சிவிங்கியையும் வண்டியில் இருந்து பார்க்கலாம், காலையில் போனால் மிருகங்கள் நடமாடும். மஜிக் கிங்டத்துக்குக் காரில் போனால், கார் விடுகிற இடத்திலிருந்து நேரே உள்ளே போக முடியாது. ஒரு குளத்தைக் கடக்க வேண்டும், படகில் அல்லது ஒற்றைத் தண்டவாள ரயிலில். அதற்கு முக்கால் மணித்தியாலம் ஒதுக்கு. போகும்போது படகில் போ. குளத்தின் அக்கரையில் அந்த மாளிகை தெரிகிறதைச் சின்னவள் பார்க்க வேண்டும்.

ஒன்றை மறக்காமல் பார்: ஓகஸ்ட் மாதத்திலிருந்து மஜிக் கிங்டத்தில் சில இரவுகள் ஹலோவீன் கொண்டாட்டம் வைக்கிறார்கள். அதற்குத் தனி ரிக்கற். அந்த நாட்களில் சாதாரண ரிக்கற்காரரை மாலை 6 மணியோடு வெளியே அனுப்பிவிடுவார்கள், வாணவேடிக்கையும் பார்க்கக் கிடைக்காது. அந்தத் திகதிகளைத் தெரிந்துகொண்டு ரிக்கற் வாங்கு.

கடைசி நேரத்தில் எடுக்கச் சிரமமானது பாஸ்போட் ஒன்றுதான். கனடாவில் சின்னப் பிள்ளைகளின் பாஸ்போட் ஐந்து வருஷத்துக்குமேல் செல்லாது. மூத்தவனுடையது எப்போது முடிகிறது என்று இன்றைக்கே எடுத்துப் பார். சண்டைக் காலத்தில் வவுனியாவுக்குப் போக அனுமதிப் பாஸுக்கு நின்றபோது, ஒரு நாள் பிந்திய துண்டோடு திரும்பி வந்தவர்களை நான் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். அமெரிக்கக் குடிவரவும் ரொறன்ரோ விமான நிலையத்திலேயே பார்க்கிறார்கள், அதனால் மூன்று மணித்தியாலம் முந்திப் போங்கள்.

இனி ஏன் இந்த வருஷமே என்கிறேன் என்று சொல்கிறேன். சின்னவளுக்கு ஐப்பசியில்தான் மூன்று வயது. மூன்று முடியாத பிள்ளைக்கு அங்கே ரிக்கற் இல்லை. மூத்தவனுக்குக் கார்த்திகையில் பத்து. பத்து வயதிலிருந்து பெரிய ஆள் ரிக்கற். அடுத்த வருஷம் போனால் இரண்டு பக்கத்தாலும் காசு கூடும். ஆனால் காசுக்காக மட்டும் நான் இதை எழுதவில்லை.

2002ஆம் ஆண்டு உனக்கு ஒன்பது வயது. சண்டை ஓய்ந்து பாதை திறந்து, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் சனம் வந்த வருஷம். உப்புத்தண்ணீரில் விளக்கெரிகிறதைப் பார்க்கவென்று பஸ் பஸ்ஸாகப் போனார்கள். கோயில் வீதியில் மரக்குதிரை ராட்டினம் போட்டிருக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்து, நீ என் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். எனக்கு விசேட பஸ்களுக்கு நேரம் போடுகிற வேலை. அன்றைக்கு விடிய நான்கு மணியிலிருந்து ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன், உன்னைக் கூட்டிப் போகவில்லை. அடுத்த வருஷம் கட்டாயம் என்றேன். அடுத்த வருஷமும் அதே வேலை, அதே சொல். 2004இல் நான் லீவு போட்டுவிட்டு வந்து, வெளிக்கிடு பிள்ளை, குதிரை ஓடப் போவோம் என்றேன். நீ பின்னல் போட்டுக்கொண்டு நின்றாய், திரும்பிப் பார்த்து, "நான் என்ன சின்னப்பிள்ளையே அப்பா" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே உனக்கு அந்த ஆசை போய்விட்டிருந்தது. பிறகு எங்களுக்கு வந்த பெரிய இழப்புகளோடு பார்த்தால் இது ஒன்றுமில்லை என்று உனக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மற்றவை நாங்கள் தடுக்க முடியாதவை. இது என் கையில் இருந்தது.

மூத்தவனுக்கு இப்போது ஒன்பது வயது.

அதனால் இன்றைக்கே மருமகனோடு இருந்து விமான ரிக்கற்றைப் பாருங்கள், பிறகு அறை, பிறகு பூங்கா ரிக்கற், இந்த ஒழுங்கில். மூத்தவன் உயரம் பார்த்து ஏற்றுகிற சவாரிகளுக்குப் போகும்போது சின்னவளை வைத்துக்கொண்டு ஒருவர் வெளியே நிற்கலாம். மற்றவர் வந்தபின் அவர் திரும்ப முழு வரிசையும் நிற்காமல் போக அனுமதி உண்டு, வாசலில் நிற்கிறவரிடம் முதலே சொல்லிவையுங்கள். சின்னவளுக்குப் பறக்கிற யானையும் பொம்மைப் படகும் போதும், அவற்றுக்கு உயரக் கணக்கில்லை.

மாளிகைக்குப் பின்பக்கம் ஒரு குதிரை ராட்டினம் இருக்கிறதாம். பெடியன் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். 1917இல் செய்தது. முதலில் டிட்ரோயிற்றில் ஓடி, பிறகு நியூ ஜேர்சியில் ஓடி, 1967இல் டிஸ்னிக்காரர் வாங்கித் திருத்தி வைத்திருக்கிறார்கள். எல்லாம் வெள்ளைக் குதிரைகள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சேணம். அதற்குப் பதிவும் இல்லை, லைட்னிங் லேனும் இல்லை. பெரியவர்களும் ஏறலாம். சின்னவளை மருமகன் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். நீ தனியாக ஒரு குதிரையில் ஏறு, மகள்.

ஏறுகிறபோது எனக்குக் கூப்பிடு. உங்களுக்குக் காலை 9 மணி என்றால் இங்கே பின்னேரம் 6.30. படலையடியில்தான் சிக்னல் நன்றாக வருகிறது, அங்கே கதிரை போட்டு அம்மாவும் நானும் இருப்போம்.

அன்புடன்,
அப்பா